அரைப்பேர்

(பழனி மலையில், கொடைக்கானல் தாலூகாவைச் சேர்ந்த ஒரு காலனியில், அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி மாணவர்களுக்காக நடந்த பறைப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் பேசியது. பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மூன்று நாளாக இந்தக் காலனி முழுக்கப் பறைச் சத்தம். நேற்று ராத்திரி ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "ஏம்மா, சாவு இல்லாம, சாமி இல்லாம இப்படி அடிக்கிறீங்களே, இது எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேள்விக்கு முகாமில் எல்லோரும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். பறை விடுதலையின் குரல், எதிர்ப்பண்பாட்டின் ஆயுதம், அப்படி இப்படி. நானும் இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு அதைச் சொல்ல வரவில்லை. ஒரு பாட்டைப் பற்றியும் ஒரு கேசட்டைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். பாட்டு உலகத்துக்கே தெரிந்தது. கேசட்டை இங்கே ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் பாட்டு.

2021 மார்ச் மாசம் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. சந்தோஷ் நாராயணன் இசை, அறிவும் தீயும் பாடினார்கள். உங்களுக்கெல்லாம் மனப்பாடம். என் மகள் செல்போனில் அதைப் போட்டுக்கொண்டே இருந்தாள். எங்கம்மா அடுப்படியில் இருந்தது. பாட்டு பாதி போனதும் ஈரக் கையோடு வெளியே வந்து நின்றது. "இன்னொரு வாட்டி போடு பாப்பா" என்றது. மறுபடி கேட்டது. பிறகு, "இது யாரு வூட்டு ஒப்பாரி?" என்று கேட்டது.

என் மகளுக்குச் சிரிப்பு. "அம்மாயி, இது டான்ஸ் பாட்டு" என்றாள்.

"ஆடுறது ஆடட்டும். யாரு வூட்டு ஒப்பாரின்னு கேட்டேன்."

படத்தில் ஒரு வயசான அம்மா வருவார்கள் இல்லையா, அவரைக் காட்டினேன். இவங்க பேரு வள்ளியம்மாள், பாடின பையனோட பாட்டி, சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்துட்டு வந்தவங்க என்று சொன்னேன். எங்கம்மா போனை வாங்கி, படத்தை அப்படியே நிறுத்தச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தது. "கங்காணி வூட்டு ஆளுக மாதிரித் தெரியல. நம்மாளுகதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

தோழர்களே, கல்லூரியில் படித்த விமர்சகர்கள் அந்தப் பாட்டைப் பற்றி எத்தனையோ எழுதினார்கள். எங்கம்மா கேட்ட அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டு என்றால் அது யாரோ ஒருத்தர் வீட்டில், யாரோ செத்ததற்கு, யாரோ அழுதது. அதுக்கு வீடு உண்டு, ஆள் உண்டு. எங்கம்மா பாட்டைப் பார்க்கிற முறை அதுதான்.

இதை முழுசாகப் புரிந்துகொள்ள, எங்கம்மா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கம்மா பிறந்தது 1955இல், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அவர்களுக்கு முன்னால் மூன்று தலைமுறை அங்கே. மறவர் நாட்டுப் பக்கமிருந்தும் திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்தும் பஞ்சத்தில் ஓடிப்போன சனங்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலை ஏறினவர்கள். முதலில் காப்பி. 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலை. போனவர்களில் பெரும்பகுதி நம் சேரிச் சனம். கூட்டிக்கொண்டு போன கங்காணிகளில் பலர் ஊர்ச் சாதிக்காரர்கள். கப்பலேறினாலும் சாதி கூடவே ஏறிக்கொண்டது. லயத்திலும் மேல் லயம், கீழ் லயம் என்று இருந்தது.

1948இல் இலங்கை கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இந்தச் சனங்களை நாடற்றவர்களாக ஆக்கியது. அதற்கு முந்தின வருஷம் ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பங்கு போடுகிறவர்கள்கூட எந்த ஆடு எந்தக் குட்டியோட தாய் என்று பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. எங்கம்மா இந்தியாவுக்கு, எங்கம்மாவோட அக்கா இலங்கைக்கு.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்று பேர். ஸ்டேஷனில் நிற்கிறவர்களும் அழுவார்கள், வண்டியில் இருக்கிறவர்களும் அழுவார்கள். எங்கம்மா 1973இல் அந்த வண்டியில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தது. பதினெட்டு வயசு. ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் துணிமணியோடு ஒரு தப்பு இருந்தது.

அந்தத் தப்பு எங்க தாத்தாவோடது. அவர் பெரட்டு தப்பு அடிக்கிறவர். காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டி நிறுத்திப் பிரிக்கிற இடத்தை அங்கே பெரட்டுக் களம் என்பார்கள். விடியும் முன்னே தப்படித்துத்தான் லயத்தை எழுப்புவார்கள். பனி, மழை, பிள்ளைக்காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. தப்புச் சத்தம் கேட்டால் எழுந்து ஓட வேண்டும். நினைத்துப் பாருங்கள் தோழர்களே. நாம் விடுதலையின் குரல் என்று சொல்கிற அதே தோல், அங்கே துரையின் மணியாக இருந்தது. அதே தப்பை அதே தாத்தா காமன் கூத்துக்கும் அடித்தார், சாவுக்கும் அடித்தார். சாவுக்கு அடிக்கும்போதுதான் அவர் முகம் மனுஷ முகமாக இருக்கும் என்று எங்கம்மா சொல்லும்.

அங்கே இன்னொரு வார்த்தை உண்டு. 'பேர்'. ஒரு நாள் வேலை முடித்தால் ஒரு பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் கூலி. சொன்ன ராத்தல் கொழுந்து பறிக்கவில்லை என்றால் 'அரைப்பேர்' போடுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதிக் கூலி. இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கம் எங்களுக்கு ஒரு பேர் வைத்தது. ஒரு பகுதிச் சனத்துக்கு நீலகிரியில், வால்பாறையில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் கையில் அட்டையோடு எங்கெங்கோ சிதறினார்கள். குளிர் மலை பழக்கம் என்பதால் பல குடும்பங்கள் கொடைக்கானல் மலைக்கு வந்தன. அங்கே வாட்டில் மரம், யூகலிப்டஸ் மரம் வெட்டுகிற கூப்பு வேலை. வாட்டில் பட்டை தோல் பதனிடப் போகும். கட்டை கூழுக்குப் போகும். பிளாஸ்டிக் தாளில் கட்டின குடிசை, ஒப்பந்தக்காரரிடம் முன்பணம், முன்பணம் தீராத கடன். சிலோனில் எங்களை வடக்கத்தியான், கள்ளத்தோணி என்றார்கள். இங்கே சிலோன்காரி என்றார்கள். சாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு டீக்கடையில் டம்ளர் மாறியது.

இந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாரும் கொடைக்கானல் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர் கட்டினது என்று போட்டிருக்கும். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற ரோடு 'லாஸ் காட் ரோடு', அது லா என்ற வெள்ளைக்காரன் பேர். கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, எல்லாம் பேர்தான். 1914 வாக்கில் அந்த ரோட்டு வேலை முடியும் வரைக்கும் துரைகளும் துரைசாணிகளும் பாதிரிமார்களும் எப்படி மலை ஏறினார்கள்? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் நாற்காலியிலும் ஏறினார்கள். நாற்காலியைத் தோளில் சுமந்தது கூலிக்காரர்கள். அந்த வழிக்கு இன்றைக்கும் 'கூலி காட்' என்றுதான் பேர். சுமந்தவனில் ஒருத்தன் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. அதற்கு முன்னே இந்தக் காட்டை முழுசாகத் தெரிந்து வைத்திருந்த பளியர்களின் பேரும் இல்லை. ஏரி வெட்டினவனுக்குப் பேர் இல்லை, வெட்டச் சொன்னவனுக்குப் பேர் உண்டு. இதுதான் இந்த மலையின் வரலாறு.

எங்கம்மா கூப்பில் பட்டை உரிக்கும். எங்கப்பா மரம் வெட்டுவார். அவரும் கப்பலில் வந்தவர்தான். எங்கம்மா அப்போதெல்லாம் பாடும். பட்டை உரிக்கிறதுக்கு ஒரு பாட்டு, பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்ட ஒரு பாட்டு. தேயிலைத் தோட்டத்துப் பாட்டைத்தான் வாட்டில் மரத்துக்கு மாற்றிப் பாடுகிறது என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் இந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன மனிதர், லயம் லயமாகப் போய்ப் பாட்டு எழுதினார். அது பெரிய வேலை. எங்கம்மா பாட்டை எழுத இந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

1991இல் ஒரு மரம் சாய்ந்து எங்கப்பா செத்துப்போனார். ஒப்பந்தக்காரர் தந்தது பாடை கட்டுகிற செலவு. முன்பணக் கடன் எங்கம்மா தலைக்கு மாறியது. அன்றைக்கு ராத்திரி எங்கம்மா ஒப்பாரி வைத்தது. எனக்கு அப்போது பதினாலு வயசு. அந்த மாதிரி அழுகையை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அழுகைக் கோச்சியில் தொடங்கி, அக்காவை விட்டு வந்தது, கப்பல், மண்டபம், குளிர், கோடாலி, அந்த மரம் நின்ற இடம், எங்கப்பா பேர், எல்லாம் அதுக்குள்ளே இருந்தது. அதற்கப்புறம் பாடுவதை நிறுத்திவிட்டது. தாத்தாவோட தப்பை எடுத்துப் பரணில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டது.

இப்போது கேசட்டுக்கு வருகிறேன்.

1998. நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகள் என்றால் உங்களில் பலர் பிறக்கவில்லை. அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு ஊர் ஊராகத் தலித் கலைவிழா நடந்த காலம். ஒரு பக்கம் கிராமங்களில் நம் சனம், "இனிமே ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்து அடிபட்டார்கள். இன்னொரு பக்கம் நாங்கள் அதே பறையைக் கையில் எடுத்து மேடையேறினோம். பறையை விடுவதா, எடுப்பதா என்று விடிய விடிய விவாதிப்போம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அடிமைத் தொழிலாக அடிக்க மறுப்பதும் விடுதலை, நம் கலையாக அடிப்பதும் விடுதலை. நான் எடுக்கிற கட்சி.

நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் கேசட் போட்டோம். அமைப்பின் பேர் வேண்டாம், அதில் நானும் ஒருத்தி, தப்பு என்னுடையது. ஊருக்கு வந்தேன். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். "அம்மா, அப்பாவுக்கு நீ வெச்ச ஒப்பாரியப் பாடு" என்றேன். மாட்டேன் என்றது. "உனக்கென்னடி பைத்தியமா, செத்தவீடு இல்லாம ஒப்பாரி வெப்பாங்களா, ஆகாது" என்றது. நான் விடவில்லை. இது நம் சனத்தோட வரலாறு, போராட்டத்துக்கு வேண்டும் என்றேன். இரண்டு நாள் நச்சரித்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வெளியே, கட்டை அடுக்கின இடத்தில் உட்கார்ந்து பாடியது. வீட்டுக்குள் பாடவில்லை.

கேசட் வந்தது. பாட்டை எங்கள் குழுவில் நன்றாகப் பாடுகிற ஒரு தோழர் பாடியிருந்தார். எங்கப்பா பேர் வருகிற இடத்தில் 'தோழரே' என்று மாற்றியிருந்தோம். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. அட்டையில் அச்சடித்தோம்: பாடல், பாரம்பரியம். மெட்டு, நாட்டுப்புறம். பாடியவர் பேர் உண்டு, பறை அடித்தவர் பேர் உண்டு, ஒலிப்பதிவு செய்தவர் பேர்கூட உண்டு.

பெருமையாக அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்து, "இதுல என் பேரு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டது.

என்ன சொல்வேன்? "பாரம்பரியம்னு போட்டிருக்கும்மா" என்றேன்.

"பாரம்பரியம்னா யாரு? எந்த ஊருக்காரன்?"

விளக்கப் பார்த்தேன். காலங்காலமாக வருகிற பாட்டு, யார் எழுதினது என்று தெரியாதது, மக்கள் எல்லாருக்கும் சொந்தமானது... சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு ஒட்டவில்லை. எங்கம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது: "செத்தது உங்கப்பன். அழுதது நானு. யாருன்னு தெரியாதாமா? நீ பக்கத்துலதானேடி உக்காந்திருந்த?"

தோழர்களே, நான் அன்றைக்குச் செய்தது திருட்டு என்று சொன்னால் கோபப்படுவீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தோம், காசு பார்க்கவில்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் நாம் யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களுக்கு ஆதிக்கக்காரன் எதைச் செய்தானோ அதையே செய்தோம். நம் நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதினார்கள். 1892இல் நமக்கென்று ஒதுக்கின பஞ்சமி நிலமே எந்தெந்தக் கைக்குப் போனது என்று நமக்குத் தெரியும். 'நாட்டுப்புறம்', 'பாரம்பரியம்' என்பது பாட்டுக்குப் போட்ட புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் வேலி போட்டுக்கொள்ளலாம்.

சட்டம் இதில் எப்படி இருக்கிறது பாருங்கள். கொடைக்கானல் குகையில் எடுத்த 'குணா' படம் 1991இல் வந்தது. அந்தப் படத்தால் அந்த இடத்துக்கே குணா குகை என்று பேர் வந்துவிட்டது. அதில் வரும் ஒரு பாட்டை 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் பயன்படுத்தினார்கள். அனுமதி கேட்கவில்லை என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. முறைப்படி உரிமை வாங்கியிருக்கிறோம் என்று படக்காரர்கள் சொன்னார்கள். அந்த வழக்கில் யார் சரி என்று சொல்ல வரவில்லை. இளையராஜா தன் பாட்டு தன் பாட்டு என்று சொல்வதை நம்மவர்களே சிலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அவருடைய அரசியல் பேச்சு எனக்கு ஒத்துக்கொள்ளாது, அது வேறு. ஆனால் இந்த மலைக்குத் தெற்கே பண்ணைப்புரத்துச் சேரியிலிருந்து போன ஒரு மனிதர், "இது என் உழைப்பு, என் பேரைப் போடு" என்று சொல்கிறார் என்றால் அதன் எடை எனக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி அதைவிடக் கஷ்டமானது. அவர் அம்மா சின்னத்தாயி. அம்மா பாடின பாட்டுகளைக் கேட்டு வளர்ந்ததைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழ்நாடே அந்த மண் வாசனையில் கிறங்கியது. மகன் பாட்டுக்குப் பட்டா உண்டு. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர், இசையமைத்தவர் உயிரோடு இருக்கும் வரை உரிமை, செத்தபின் 60 வருஷம் வாரிசுக்கு. சின்னத்தாயிகளின் பாட்டுக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே? வயலில் பாடினதற்கும் தூளியில் பாடினதற்கும் எழுத்து இல்லை, எழுத்து இல்லாததால் ஆசிரியர் இல்லை. வேலை செய்தவளுக்குப் பேர் விழவில்லை.

இப்போது மறுபடி அறிவின் பாட்டுக்கு வருவோம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர் அது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த பிள்ளை அறிவு. அவர் செய்ததில் எனக்கு எது பெரிது என்றால், பாட்டியின் வாழ்க்கையைப் 'பாரம்பரியம்' ஆக்கவில்லை. என் பாட்டி வள்ளியம்மாள், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து நிலமில்லாமல் நின்றவர் என்று போன இடமெல்லாம் சொன்னார். அந்த அம்மாவைக் கூட்டி வந்து படத்தில் உட்கார வைத்தார். நாங்கள் 1998இல் செய்யத் தவறியதை அந்தப் பையன் செய்தார்.

ஆனால் அந்தப் பாட்டுக்கு என்ன நடந்தது? 2021இல் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைப் பற்றிப் பேசி அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் பலருக்கு அது உறைத்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் அந்தப் பாட்டைத் தீயும், கிடாக்குழி மாரியம்மாள் என்ற நாட்டுப்புறப் பாடகியும் பாடினார்கள். அறிவு இல்லை. மெட்டும் சொல்லும் தன்னிடமிருந்து வந்தவை, ஆறு மாசம் தூங்காமல் உழைத்தேன் என்று அவர் எழுதினார். நாங்கள் ஒருபோதும் அவர் பேரை மறைக்கவில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார்கள். பிறகு 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருஷம் ஆன பின்னும் அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார். கோடிக்கணக்கான தடவை பார்த்த பாட்டு!

இதில் யார் எந்த வரி எழுதினார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிவது ஒன்றுதான். எல்லாரும் அறிவின் பேரைப் பற்றிச் சண்டை போட்டார்கள், சரி. வள்ளியம்மாளுக்கு என்ன பேர் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பையன் மட்டும் மறக்கவில்லை. 2024இல் தன் இசைத் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பேர் வைத்தார். தன் பேரைப் போட இடம் கிடைத்தபோது பாட்டி பேரை முன்னால் போட்டு, தன்னைப் பேரனாகப் பின்னால் நிறுத்திக்கொண்டார். அந்தத் தலைப்பைக் கேட்டபோது நான் அழுதேன். என் கேசட் அட்டை ஞாபகம் வந்தது.

மாணவர்களே, உங்கள் கையில் எல்லாம் செல்போன் இருக்கிறது. நாளைக்கே உங்கள் அப்பாவின் பறையை, அம்மாவின் நடவுப் பாட்டை, தாத்தாவின் கூத்தைப் பதிவு செய்வீர்கள். அதிலிருந்து பாட்டு செய்வீர்கள், ஓவியம் வரைவீர்கள், படம் எடுப்பீர்கள். செய்யுங்கள், செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். யார் பாடினது, எந்த ஊர், எந்த வேலைக்கு, யாரிடம் கற்றது, அப்போது கூலி எவ்வளவு, இதையெல்லாம் எழுதுங்கள். எழுதினதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். 1994இல் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பாடுகிறவர், ஆடுகிறவர், வாத்தியம் வாசிக்கிறவர் எல்லாருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு, இன்றைக்கு அது 50 வருஷம். உங்கம்மா எழுதாதவளாக இருக்கலாம். ஆனால் பாடினவள். அவள் சம்மதம் இல்லாமல் அவள் குரலைப் பதிவு செய்து விற்க யாருக்கும் உரிமை கிடையாது. சினிமாக்காரர்கள், ஆராய்ச்சிக்காரர்கள், ஏன், நம் அமைப்புக்காரர்கள் வந்தாலும் இதைச் சொல்லுங்கள். காசு வந்தால் பங்கு கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், கூலி கேட்டு வாங்கின சனம் நாம்.

இன்னொன்று. அவர்கள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அப்பா பறையைத் தொட மாட்டேன் என்கிறாரா? அவருக்கு அது துரையின் மணியாக, ஊர்க்காரன் வீட்டுச் சாவாக ஞாபகத்தில் இருக்கலாம். அந்த மறுப்பும் நம் வரலாறுதான். அதையும் நோட்டில் எழுதுங்கள். நான் என் அம்மாவை நச்சரித்த மாதிரி நச்சரிக்காதீர்கள்.

முடிக்கிறேன். எஞ்சாமி பாட்டைக் கேட்டு ஒரு வாரம் கழித்து எங்கம்மாவிடம் அந்தக் கேசட் விஷயத்தை எடுத்தேன். 23 வருஷம் கழித்து. "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். எங்கம்மா வெத்தலை மென்றுகொண்டே சொன்னது: "தோட்டத்துல அரைப்பேர் போட்டா அழுவோம். ஆனா அரைப்பேராச்சும் போடுவான். நீ அதக்கூடப் போடலியேடி."

பிறகு பரணிலிருந்து அந்தச் சாக்கை எடுக்கச் சொன்னது. தப்பு காய்ந்து கிடந்தது. தோல் ஓரத்தில் கிழிந்திருந்தது. "தோல் மாத்தணும். மாத்திட்டா எம்பேத்திக்குக் குடு. அடிக்கச் சொல்லு. யாரு தப்புன்னு கேட்டா எங்கப்பன் பேரச் சொல்லச் சொல்லு" என்றது.

அந்தத் தப்புதான் இன்றைக்குக் காலையில் இங்கே முதலில் அடித்தது. அடித்தது என் மகள். அதை அடித்தவர் எங்க தாத்தா முனியாண்டி. கொண்டு வந்தவள் எங்கம்மா காளியம்மாள், கூப்பில் பட்டை உரித்தவள். எங்கப்பா பேர் அழகர், மரம் வெட்டினவர்.

பேர் போட்டுக்கொள்ளுங்கள். முழுப்பேராகப் போடுங்கள். ஜெய்பீம்.